கல்லை வைத்துக்கொண்டு அரிசியைக் கொட்டிய பதிப்பு



ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளிக் கூடையோடு வரும் தாய்மார்களுக்கும், விடிவதற்கு முன்பே ஓசூர் சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ் ஏறும் தோழர்களுக்கும் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"எங்களுக்கு எதற்கய்யா புத்தக விமர்சனம்? கூலி பாக்கியைப் பற்றி எழுது!" என்று நீங்கள் சொல்லக்கூடும். நியாயமான பேச்சு. ஆனால் இதுவும் ஒரு பாக்கி விவகாரம்தான். ஒரு உழைப்பாளி தன் வாழ்க்கையை எழுதி வைத்தான். அதை அச்சுப் போட்டவர்கள் எடை குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். குறைந்த எடையை அவன் பேரப்பிள்ளைகளின் தலையில் கட்டி, முழு விலையும் வாங்கிவிட்டார்கள். இதைக் கேட்காமல் விடலாமா?

நம் ராயக்கோட்டையிலிருந்து மூன்று மைல் தூரத்துக் கிராமம். அங்கே பிறந்த ஒரு பையன் 1943-ஆம் வருஷம், பதினேழு வயதில், அன்றைய ராயல் இந்தியன் நேவி என்ற வெள்ளைக்காரக் கடற்படையில் சேர்ந்தான். யுத்த காலம், அரிசி கிடைக்காத காலம். ஆள் பிடிக்க வந்தவர்கள் நல்ல சாப்பாடு, நல்ல சம்பளம், சண்டை முடிந்ததும் நல்ல வேலை என்று சொன்னார்கள். அவன் அதுவரை பார்த்த பெரிய தண்ணீர் ஊர் ஏரிதான். பம்பாயில் போய்த்தான் கடலைப் பார்த்தான். பாய்லர் அறையில் வேலை. 1946-இல் வெளியே அனுப்பப்பட்டு ஊர் திரும்பினான். அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நம்மிடையே கூலிக்காரனாகவும் சிறு விவசாயியாகவும் வாழ்ந்து கண்ணை மூடினார் அந்தப் பெரியவர். இறப்பதற்கு முன் மூன்று நோட்டுப் புத்தகங்களில் தன் கடற்படை வாழ்க்கையை எழுதி வைத்திருந்தார்.

அந்த நோட்டுகள்தான் இப்போது புத்தகமாகியிருக்கின்றன. குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி பெரியவரின் பெயரை நான் எழுதவில்லை. அச்சிட்டவரின் பெயரையும், முன்னுரை எழுதிய பிரமுகரின் பெயரையும் எழுதவில்லை. ஆளைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. செய்த காரியத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டோக்கர் ஜோக்கரான கதை

முதலில் சிறிய குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அச்சுப் பிழை யாருக்கும் வரும். நம் ஏட்டிலேயே 'கூலி உயர்வு' என்பது 'கூலி உயிர்வு' என்று வந்து நாம் தலைகுனிந்ததுண்டு. ஆனால் இந்தப் புத்தகத்தில் நடந்திருப்பது வேறு விஷயம்.

பாய்லருக்குத் தீ மூட்டுகிறவனுக்குக் கப்பலில் 'ஸ்டோக்கர்' என்று பெயர். பெரியவர் நோட்டில் அழகாக அப்படியே எழுதியிருக்கிறார். புத்தகத்தில் அது 'ஜோக்கர்' ஆகிவிட்டது! "நான் இரண்டரை வருஷம் ஜோக்கராக இருந்தேன்" என்று அச்சாகியிருக்கிறது. இரும்புச் சுவருக்குள், நூறு டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், உடம்பு உப்புப் பூத்து வெந்த ஒரு மனிதனைக் கோமாளி ஆக்கிவிட்டார்கள். ஒரு முறை தவறினால் கைப்பிழை. முப்பது இடத்திலும் அப்படியே இருந்தால், அதைப் படித்துப் பார்த்தவன் ஒருவனும் இல்லை என்றுதானே பொருள்?

கடற்படையில் அதிகாரி அல்லாத சாதாரண மாலுமிகளை 'ரேட்டிங்' என்பார்கள். நம் மில்லில் 'ஹேண்ட்' என்று சொன்ன மாதிரி. பதிப்பாசிரியர் தமிழ்ப்பற்று மிகுந்தவர் போலிருக்கிறது. 'ரேட்டிங்குகள்' என்பதை 'மதிப்பீடுகள்' என்று மாற்றியிருக்கிறார். "மதிப்பீடுகள் சாப்பிட மறுத்தன" என்று ஒரு வாக்கியம்! மதிப்பீட்டுக்கு வயிறு உண்டா, தோழர்களே?

மேலட்டையில் பீரங்கிகள் நீட்டிய பெரிய போர்க்கப்பல் படம். அதன்கீழ் 'தல்வார்' என்று பெயர். 'தல்வார்' என்பது கப்பலே அல்ல. பம்பாய் கொலாபாவில் தரையில் இருந்த கடற்படைத் தளம் அது; செய்தி அனுப்பும் கலையைக் கற்றுக்கொடுத்த சிக்னல் பள்ளிக்கூடம். தரையில் இருந்த கட்டடத்தைக் கடலில் மிதக்க விட்டிருக்கிறார்கள். உள்ளே இன்னும் மோசம். 'தல்வார்' பல இடங்களில் 'தலைவர்' என்று ஆகியிருக்கிறது. "தலைவரில் வேலைநிறுத்தம் தொடங்கியது" என்று படித்தவன் என்ன புரிந்துகொள்வான்?

இதற்கெல்லாம் குடும்பத்தாரிடம் பணமும் வாங்கியிருக்கிறார்கள். தக்காளி மண்டியில் பதினைந்து கிலோ பெட்டிக்கு இரண்டு கிலோ கழிவு பிடிக்கிறவனையாவது கண்ணெதிரே பார்க்கலாம். இங்கே எவ்வளவு கழித்தார்கள் என்பதே, மூல நோட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

முப்பத்தொரு பக்கம் எங்கே போயிற்று?

பெரியவரின் பேத்தி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் தொழிலாளியாக வேலை செய்கிறாள். புத்தகத்தைப் படித்துவிட்டு மூன்று நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு நம் ஆபீசுக்கு வந்தாள்.

"அண்ணா, தாத்தா பட்ட கஷ்டமெல்லாம் இதுல இருக்கு. தாத்தா சண்டை போட்டது எங்கண்ணா இருக்கு?" என்று கேட்டாள்.

இருவரும் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தோம். சோற்றில் கல் கிடந்தது புத்தகத்தில் இருக்கிறது. பருப்பு என்ற பெயரில் மஞ்சள் தண்ணீர் ஊற்றியது இருக்கிறது. வெள்ளைக்கார மாலுமிக்கு ஒரு சாப்பாடு, ஒரு சம்பளம். அதே வேலை செய்த இந்திய மாலுமிக்கு வேறு சாப்பாடு, வேறு சம்பளம் என்பது இருக்கிறது. அம்மா செத்த தந்தி வந்தும் லீவு கொடுக்காதது இருக்கிறது. பக்கம் பக்கமாகக் கண்ணீர் இருக்கிறது.

நோட்டில் 1946 பிப்ரவரி மாதத்தைப் பற்றிப் பெரியவர் எழுதியது முப்பத்தொரு பக்கம். புத்தகத்தில் அது இரண்டே வரி: அந்தச் சமயம் பம்பாயில் சில கலவரங்கள் நடந்தன, அதன்பின் நான் ஊர் திரும்பினேன். அவ்வளவுதான்!

பிரமுகரின் முன்னுரை இதற்கு மகுடம் வைக்கிறது. இத்தனை துன்பத்தையும் பொறுமையாகத் தாங்கிய இந்தப் பெரியவரிடமிருந்து இன்றைய இளைஞர்கள் கட்டுப்பாட்டையும் சகிப்பையும் கற்றுக்கொள்ள வேண்டுமாம்!

சகிப்பா? சகிக்க முடியாது என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவனய்யா அவர்!

நம் வீட்டுப் பெண்கள் முறத்தில் அரிசியைப் போட்டுக் கல்லைப் பொறுக்குவார்கள். கல்லை எறிவார்கள்; அரிசியை உலையில் போடுவார்கள். இந்தப் பதிப்பாசிரியர் அரிசியைக் கீழே கொட்டிவிட்டு, கல்லைப் பத்திரமாக எடுத்து அட்டை போட்டு விற்கிறார்.

அந்த ஐந்து நாட்கள்

கொட்டப்பட்ட அரிசி என்ன என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

யுத்தம் தொடங்கிய 1939-இல் அந்தக் கடற்படையில் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. யுத்தம் முடிந்த 1945-இல் சுமார் முப்பதாயிரம் பேர். அத்தனை பிள்ளைகளையும் ஆசை காட்டிச் சேர்த்தார்கள். சண்டை முடிந்ததும் "போய் வா" என்று வாசலைக் காட்டத் தொடங்கினார்கள். ஊரில் வேலை இல்லை. வீட்டில் சோறு இல்லை. உலகத்தின் பல கரைகளைப் பார்த்துவிட்ட அந்த வாலிபர்கள், பாஸிஸத்தை ஒழிக்கச் சண்டை போட்ட நாம் சொந்த நாட்டில் அடிமையாக இருப்பதா என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

'தல்வார்' தளத்தின் சுவர்களில் 'ஜெய் ஹிந்த்', 'இந்தியாவை விட்டு வெளியேறு' என்ற எழுத்துக்கள் தோன்றின. 1946 பிப்ரவரி தொடக்கத்தில் பி. சி. தத் என்ற தந்தி மாலுமி அதற்காகக் கைது செய்யப்பட்டார். தளத்தின் அதிகாரி கமாண்டர் கிங் என்ற வெள்ளைக்காரன் மாலுமிகளை நாயின் பிள்ளைகள், கூலிகளின் பிள்ளைகள், காட்டுமிராண்டிகளின் பிள்ளைகள் என்று திட்டினான். எழுத்து மூலம் புகார் கொடுத்தார்கள். பயன் இல்லை.

பிப்ரவரி 18 காலை. வழக்கம்போல மோசமான சாப்பாடு. 'தல்வார்' மாலுமிகள் சாப்பிடவும் மறுத்தார்கள். வேலை செய்யவும் மறுத்தார்கள். "சோறு இல்லையேல் வேலை இல்லை" என்ற முழக்கம் ஒரே நாளில் துறைமுகத்தில் நின்ற கப்பல்களுக்குப் பரவியது. செய்தி அனுப்புவதுதானே அந்தப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்த தொழில்! கம்பியில்லாத் தந்தி வழியே கராச்சிக்கும், கல்கத்தாவுக்கும், விசாகப்பட்டினத்துக்கும், சென்னைக்கும் செய்தி பறந்தது. மொத்தத்தில் 78 கப்பல்கள், 20 தரைத்தளங்கள், சுமார் 20,000 மாலுமிகள். பாய்மரக் கம்பங்களில் காங்கிரஸ் கொடி, லீக் கொடி, செங்கொடி மூன்றும் ஒன்றாகப் பறந்தன.

19-ஆம் தேதி மத்திய வேலைநிறுத்தக் கமிட்டி அமைந்தது. எம். எஸ். கான் தலைவர், மதன் சிங் உபதலைவர். ஒருவர் முஸ்லிம், ஒருவர் சீக்கியர். தேசத்தை மதத்தின் பெயரால் கூறுபோடத் தயாராகிக்கொண்டிருந்த அந்த வருஷத்தில், கப்பல் தளத்தில் இப்படி ஒரு கமிட்டி!

அவர்கள் கேட்டது என்ன? நல்ல இந்தியச் சாப்பாடு. வெள்ளை மாலுமிக்குச் சமமான சம்பளம், படி. கமாண்டர் கிங் மீது நடவடிக்கை. வேலையிலிருந்து அனுப்பும்போது கொடுத்த துணிமணியைத் திருப்பிப் பிடுங்கக் கூடாது. இதோடு நிற்கவில்லை. நேதாஜியின் ஐ.என்.ஏ. வீரர்கள் உள்பட அரசியல் கைதிகள் அனைவரையும் விடுதலை செய்! இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் பட்டாளத்தை வாபஸ் வாங்கு! அதாவது, சோற்றுத் தட்டிலிருந்து எழுந்தவன் இந்தோனேசியத் தொழிலாளியின் விடுதலை வரை யோசித்துவிட்டான்.

21-ஆம் தேதி காசில் பாரக்ஸில் துப்பாக்கிச் சண்டை. கடற்படைத் தலைவன் அட்மிரல் காட்ஃப்ரே ரேடியோவில் மிரட்டினான்: கடற்படையே அழிந்தாலும் சரி, முழு பலத்தையும் பிரயோகிப்போம் என்றான். மாலுமிகளுக்கு உணவு போகாமல் தடுத்தார்கள். அப்போது என்ன நடந்தது தெரியுமா? பம்பாய் ஜனங்கள் கேட்வே ஆஃப் இந்தியா கரைக்குச் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு வந்தார்கள். ஓட்டல்காரர்களும் கடைக்காரர்களும் கையில் கிடைத்ததைக் கொடுத்தார்கள். பெரியவர் நோட்டில் இந்த இடத்தில் எழுதியிருப்பதைத்தான் பதிப்பாசிரியர் முதலில் வெட்டியிருக்கிறார். கடற்படையில் சேர்ந்த மூன்று வருஷத்தில் கல் இல்லாத சோற்றை அன்றைக்குத்தான் சாப்பிட்டதாக எழுதியிருக்கிறார்.

22-ஆம் தேதி பம்பாயில் பொது வேலைநிறுத்தம். கம்யூனிஸ்டுகள் அழைப்பு விடுத்தார்கள். சுமார் மூன்று லட்சம் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். பஞ்சாலைகளின் சங்கு ஊதவில்லை. பட்டாளம் தெருவில் சுட்டது. இருநூறுக்கு மேற்பட்ட சாதாரண ஜனங்கள் இறந்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் காயமடைந்தார்கள். பரேலில் தோழர் கமல் தோண்டே குண்டு பட்டு மாண்டார். கப்பல்காரனுக்காக மில்காரன் ரத்தம் சிந்தினான். மில்லில் நூல் சுற்றும் தோழர்களே, இந்தச் சரித்திரத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு.

23-ஆம் தேதி காலை வேலைநிறுத்தக் கமிட்டி சரண் அடையத் தீர்மானித்தது. சர்தார் படேலும் ஜின்னாவும் அப்படித்தான் ஆலோசனை சொன்னார்கள். பழிவாங்கல் இருக்காது என்று நம்பிக்கை கொடுத்தார்கள். நாங்கள் இந்தியாவிடம் சரணடைகிறோம், பிரிட்டனிடம் அல்ல என்ற கருத்தில் கமிட்டி தன் கடைசி அறிக்கையை எழுதியது. பழிவாங்கல் நடந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் கைது, நானூறுக்கு மேற்பட்டவர்கள் வேலைநீக்கம். 1947-க்குப் பிறகும் அவர்களை இந்தியக் கடற்படையும் சேர்த்துக்கொள்ளவில்லை. பாகிஸ்தான் கடற்படையும் சேர்த்துக்கொள்ளவில்லை.

நம் பெரியவரிடம் போட்டிருந்த சட்டையையும் எண்ணி வாங்கிக்கொண்டு ரயில் ஏற்றிவிட்டார்கள். இதைத்தான் "அதன்பின் நான் ஊர் திரும்பினேன்" என்று ஒரே வரியில் சுருட்டியிருக்கிறார்கள்.

மூன்று சமாதானங்கள்

இதைப் பற்றி அச்சிட்டவரிடம் நேரில் கேட்டேன். மூன்று சமாதானம் சொன்னார்.

ஒன்று: "பக்கம் அதிகமாகிவிடும், காகித விலை தெரியாதா?" தெரியும். ஆனால் முன்னுரைக்கும் வாழ்த்துரைகளுக்கும் பிரமுகர்கள் புகைப்படங்களுக்கும் இருபத்தாறு பக்கம் கிடைத்திருக்கிறதே! பொன்னாடைக்குக் காகிதம் மலிவு, போராட்டத்துக்குக் காகிதம் கிராக்கியா?

இரண்டு: "படைவீரன் வேலைநிறுத்தம் செய்வது ஒழுங்கீனம். அதை அச்சிட்டால் தப்பான பாடம் ஆகும். அரசியல்வாதிகள் தூண்டிவிட்ட காரியம் அது." வெள்ளைக்கார சர்க்காரே ஒரு விசாரணைக் கமிஷன் போட்டது. நீதிபதி ஃபஸல் அலி தலைவர். கொச்சி பிரதம நீதிபதி கிருஷ்ணசாமி ஐயங்கார் ஓர் உறுப்பினர். இரண்டு வெள்ளை ராணுவ அதிகாரிகளும் அதில் இருந்தார்கள். கம்யூனிஸ்டு ஒருவர்கூட இல்லை. அந்தக் கமிஷனே மாலுமிகளின் குறைகளும் அவற்றால் பரவியிருந்த அதிருப்தியும்தான் அடிப்படைக் காரணம் என்று சொல்லிற்று. பட்டினி போட்டவனை விட்டுவிட்டுப் பசிக்கிறது என்றவனை ஒழுங்கீனன் என்பது எந்த ஊர் ஒழுங்கு?

மூன்றாவது சமாதானம்தான் கெட்டிக்காரத்தனமானது. "காந்தியடிகளே அதை ஏற்கவில்லையே!" என்றார். உண்மை. மறைக்கத் தேவையில்லை. மாலுமிகளுக்கு அவமானமாக இருந்தால் அவர்கள் வேலையை விட்டு விலகியிருக்கலாமே என்று காந்திஜி கேட்டார். அவரது நேர்மையை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் அருணா ஆசப் அலி அப்போதே பதில் சொன்னார். சட்டசபைகளுக்குப் போகத் தயாராக இருக்கும் காங்கிரஸ்காரர்கள், வயிற்றுப்பாட்டுக்காக வேலை செய்கிற மாலுமியைப் பார்த்து வேலையை விடு என்று சொல்லும் தகுதி எங்கிருந்து வந்தது என்பது அவர் வாதம்.

தோழர்களே, "பிடிக்காவிட்டால் வேலையை விட்டுப் போ" என்ற சொல்லை நீங்கள் கேட்டதே இல்லையா? கேன்டீன் சாம்பாரில் புழு இருக்கிறது என்று காட்டினால் சூப்பர்வைசர் என்ன சொல்கிறான்? களை எடுக்கும் கூலியில் ஐம்பது ரூபாய் சேர்த்துக் கேட்டால் தோட்டக்காரர் என்ன சொல்கிறார்? அந்தச் சொல்லுக்கு என்ன பதில் என்பதுதான் அந்த முப்பத்தொரு பக்கம்.

எங்கும் சோற்றில்தான் தொடங்கிற்று

"வெறும் சாப்பாட்டுத் தகராறு" என்று ஏளனமாகச் சொல்கிறவர்களும் உண்டு. உலகச் சரித்திரம் அவர்களுக்குத் தெரியவில்லை.

1797-இல் இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட் துறையில் பிரிட்டிஷ் மாலுமிகள் நங்கூரம் எடுக்க மறுத்தார்கள். 1658 முதல் அவர்கள் சம்பளம் உயரவே இல்லை! ஊரில் ஒரு பவுண்டுக்குப் பதினாறு அவுன்ஸ். கப்பலில் பண்டகசாலைக்காரன் நிறுத்த பவுண்டுக்குப் பதினான்கு அவுன்ஸ். அளந்து வாங்க ஒரு படி, அளந்து கொடுக்க ஒரு படி என்று இரண்டு படி வைத்திருந்த நம் ஊர் மிராசுதாரனுக்கு அவன் அண்ணன். சம்பள உயர்வும் முழு எடையும் அந்தப் போராட்டத்தில் கிடைத்தன.

1905-இல் கருங்கடலில் 'பொட்டெம்கின்' என்ற ஜார் மன்னனின் போர்க்கப்பலில் இறைச்சியில் புழு நெளிந்தது. புளிக்காடி விட்டுக் கழுவினால் போதும், தின்னலாம் என்று கப்பல் டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தான். மாலுமிகள் கப்பலையே பிடித்துக்கொண்டார்கள். 1925-இல் ஐசன்ஸ்டீன் அதைப் படமாக எடுத்தார். புழு நெளிவதை மட்டும் காட்டிவிட்டு, "அதன்பின் கப்பல் வேறு துறைமுகம் போயிற்று" என்று அவர் முடித்திருந்தால் அந்தப் படத்தை யார் பார்த்திருப்பார்கள்?

1931-இல் ஸ்காட்லாந்தின் இன்வர்கார்டனில் பிரிட்டிஷ் மாலுமிகள் மறுபடியும் நின்றார்கள். சிக்கனம் என்ற பெயரில், கீழ்மட்ட மாலுமியில் பலருக்கு நாலு ஷில்லிங் தினச் சம்பளத்தை மூன்றாகக் குறைத்தது சர்க்கார். நூற்றுக்கு இருபத்தைந்து வெட்டு! இரண்டே நாள் வேலைநிறுத்தத்தில் லண்டன் பங்குச் சந்தை கிடுகிடுத்தது. ஒரு வாரத்துக்குள் பிரிட்டன் தங்க நாணய முறையையே கைவிட்டது. வெட்டு பத்து சதவிகிதமாகக் குறைந்தது.

இதையெல்லாம் மறைக்கும் வேலையும் எப்போதும் நடந்திருக்கிறது. பம்பாய்ப் போராட்டத்தை வைத்து உத்பல் தத் 1965-இல் கல்கத்தாவில் 'கல்லோல்' என்ற நாடகம் போட்டார். பத்திரிகைகள் விளம்பரம் வாங்க மறுத்தன. அவரை விசாரணையின்றிச் சிறையில் வைத்தார்கள். நாடகம் நிற்கவில்லை, ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். சுவரில் எழுதிக் கைதான பி. சி. தத் பிறகு பத்திரிகையாளராகி, 1971-இல் தன் நினைவுகளைப் புத்தகமாக எழுதினார். அவர் இங்கிலீஷில் எழுதியதால் படித்தவர்கள் கையில் போய்ச் சேர்ந்தது. நம் பெரியவர் தமிழில் எழுதினார். நம் கைக்கு வரும் முன்பே கத்திரி விழுந்துவிட்டது.

என் பங்கு

இந்த இடத்தில் என் மீதும் குற்றம் உண்டு. சொல்லாமல் மறைத்தால் நானும் அந்தப் பதிப்பாசிரியரும் ஒன்றுதான்.

2011-இல் பெரியவர் அந்த நோட்டுகளை என்னிடம்தான் முதலில் கொண்டுவந்தார். "தம்பி, எழுத்துப் பிழை பார்த்துக் கொடு. நீ பத்தாவது படிச்சவன், பத்திரிகையில எழுதறவன்" என்றார். தேர்தல் வேலை முடியட்டும் ஐயா என்றேன். தேர்தல் முடிந்தது, மாநாடு வந்தது. மாநாடு முடிந்தது, ஏரிக் கால்வாய்ப் பிரச்சினை வந்தது. இரண்டு முறை வந்து டீக்கடையில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் டீ குடித்துவிட்டுப் போனார். அடுத்த வருஷம் நோட்டுகளைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அதற்கடுத்த வருஷம் இறந்துவிட்டார். நான் மாலை போட்டேன்; இரங்கல் பேசினேன். நோட்டைத் திறக்கவில்லை.

நாம் காலி விட்ட நிலத்தில்தான் பார்த்தீனியம் முளைக்கிறது. உழைப்பாளியின் அனுபவத்தை நாம் கேட்டு எழுதாவிட்டால், வேறு யாராவது அதற்குப் பொன்னாடை போர்த்திப் புதைத்துவிடுவார்கள். இதை என் ஒருவனுடைய தவறாக மட்டும் எண்ணாமல், ஒவ்வொரு கிளையும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

பழைய கதையா?

"1946 சமாச்சாரம் இப்போது எதற்கு?" என்று கேட்கலாம்.

2022-ஆம் வருஷத்தைப் பாருங்கள். ஜனவரி 26 குடியரசு தின அணிவகுப்பில் இந்தியக் கடற்படையின் அலங்கார ஊர்தி டில்லியில் சென்றது. அதில் காட்டப்பட்ட காட்சி என்ன? 1946 கடற்படை எழுச்சி! எழுபத்தாறு வருஷம் கழித்து அந்த மாலுமிகளுக்கு ராஜபாட்டையில் மரியாதை. நல்லது, வரவேற்கிறோம்.

அதே வருஷம் ஜூன் 14-இல் மத்திய அரசு 'அக்னிபாத்' திட்டத்தை அறிவித்தது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றிலும் கீழ்மட்டத்துக்கு நாலு வருஷக் காண்ட்ராக்ட். நாலு வருஷம் முடிந்தால் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் நிரந்தரம்; மீதி எழுபத்தைந்து பேர் வீட்டுக்கு. முதல் வருஷம் மாதம் 30,000 ரூபாய், நாலாம் வருஷம் 40,000. அதில் நூற்றுக்கு முப்பது பிடித்து, அரசும் அதே அளவு போட்டு, போகும்போது சுமார் பதினொன்றே முக்கால் லட்சம் கையில் கொடுப்பார்களாம். பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை.

யுத்தம் முடிந்ததும் வாசலைக் காட்டாதே என்று 1946-இல் மாலுமிகள் கேட்டார்கள். அவர்களுக்கு ஊர்தியில் பொம்மை. அவர்கள் கொள்ளுப் பேரனுக்கு நாலாம் வருஷம் வாசல். கல்யாண வீட்டில் தாத்தா படத்துக்கு மாலை போட்டுவிட்டுப் பேரனைப் பந்தியிலிருந்து எழுப்பியது போல இருக்கிறது.

நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்குப் போகிற பிள்ளைகள் எத்தனை பேர்! விடியற்காலையில் ரோட்டோரம் ஓடிப் பழகுகிற அந்தப் பையன்களுக்கு யார் இதைச் சொல்வது? சிப்காட்டில் பயிற்சியாளன் என்று சேர்த்து, பயிற்சி முடியும் நாளில் பயிற்சியும் போய் வேலையும் போய் நிற்கிற தோழனுக்கும், அந்த அக்னிவீரனுக்கும் என்ன வித்தியாசம்? ஒருவன் சட்டை வெள்ளை, ஒருவன் சட்டை நீலம். காண்ட்ராக்ட் ஒன்றுதான்.

துன்பத்தை மட்டும் சொல்லி, எதிர்த்ததைச் சொல்லாத புத்தகம் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன கற்றுக்கொடுக்கும்? உன் தாத்தாவும் கல்லுச் சோறு தின்றான், நீயும் தின்னு என்றுதான் கற்றுக்கொடுக்கும். ஆளும் வர்க்கத்துக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்குமா?

செய்ய வேண்டியது

கண்டனத்தோடு நின்றுவிடக் கூடாது. வெட்டப்பட்ட முப்பத்தொரு பக்கத்தையும் பேத்தியின் சம்மதத்தோடு சிறு பிரசுரமாகக் கொண்டுவருவது என்று முடிவு செய்திருக்கிறோம். ஸ்டோக்கர் ஸ்டோக்கராகவே இருப்பார். தல்வார் தரையில் இருக்கும். பெரியவர் எழுதிய கொச்சையையும் தெலுங்குச் சொல்லையும் கன்னடச் சொல்லையும் தொடமாட்டோம். எல்லையோரத்து மனிதனின் பேச்சு அப்படித்தான் இருக்கும். விலை இருபது ரூபாய்க்கு மேல் போகாது. மெய்ப்புப் பார்க்கும் வேலை என்னுடையது. இந்த முறை தேர்தல் வந்தாலும் அதைத் தள்ளிப்போடமாட்டேன்.

பிப்ரவரி 18 மாலை, வேலை விட்டு வந்தபின், சந்தை மைதானத்தில் அதை உரக்கப் படிப்போம். படிக்கப்போவது பெரியவரின் பேத்தி. செகண்ட் ஷிப்டு தோழர்களுக்காக மறுநாள் காலையிலும் ஒரு முறை படிப்பாள்.

வருகிறவர்கள் வெறுங்கையோடு வரவேண்டாம். உங்கள் வீட்டில் பரணில் ஏதாவது பழைய நோட்டு இருக்கும். சங்க ரசீது இருக்கும். வேலைநீக்கக் கடிதம் இருக்கும். இல்லாவிட்டால் திண்ணையில் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பார். அழைத்து வாருங்கள். கேட்டு எழுத நம் வாலிபத் தோழர்கள் பேனாவோடு உட்கார்ந்திருப்பார்கள். பட்ட கஷ்டத்தையும் எழுதுவோம். அதற்கு என்ன செய்தார்கள் என்பதையும் ஒரு வரி விடாமல் எழுதுவோம்.